மணம் ஒரு சைகை: குழந்தைகளின் மனநிலைக்கு நறுமண எண்ணெய்களை வீட்டில் பயன்படுத்தும் முறை

அழுது அடம்பிடிக்கும் குழந்தையின் அருகில் லாவெண்டர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து வைத்தால் அழுகை அடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்போடு நறுமண எண்ணெய் வாங்குபவர்களில் பலர், இரண்டாவது வாரத்திலேயே அந்தப் புட்டியை அலமாரியின் மூலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித் தள்ளியவள்தான். என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, அவளுடைய கோபம் உச்சத்தில் இருந்த ஒரு மாலையில், அறை முழுவதும் லாவெண்டர் மணத்தைப் பரப்பினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் உரக்க அழுதாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்த மணம் எட்டினாலே முகத்தைச் சுளித்தாள். எண்ணெய் நல்ல எண்ணெய்தான். நான் அதைக் கையில் எடுத்த நேரம் தவறானது.

அந்த நேரம் ஏன் தவறு என்பது விளங்கிவிட்டால் மீதி எல்லாம் எளிது. கண்ணில் படுவதும் காதில் விழுவதும் தாலமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்பகுதியைச் சென்றடைகின்றன. மணம் அங்கே நிற்பதில்லை. மூக்கின் மேற்கூரையில் உள்ள முகர் செல்களிலிருந்து கிளம்பும் செய்தி, முகர் குமிழின் வழியாக, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவையும் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸையும் சில படிகளிலேயே எட்டிவிடுகிறது. அதனால்தான் ஒரு மணம் எந்தச் சூழலில் முதலில் அறிமுகமானதோ, அந்தச் சூழலின் உணர்ச்சியும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளை மணமூட்டிய அறையில் உட்காரவைத்து, விடுவிக்கவே முடியாத ஒரு புதிர்வழியைக் கொடுத்துத் தோல்வியடையச் செய்தார்கள். பிறகு வேறொரு வேலையைக் கொடுத்தபோது, அதே மணம் இருந்த அறையில் அமர்ந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே செய்தார்கள். மணத்தில் தீங்கு எதுவும் இருக்கவில்லை. அந்த மணம் தோல்வியின் அடையாளமாகிவிட்டிருந்தது.

நல்ல வேளையாக, இதே வழி மறுதிசையிலும் செல்லும். குழந்தை அமைதியாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும் நேரத்தோடு ஒரு மணத்தைத் திரும்பத் திரும்பப் பிணைத்துவந்தால், பின்னர் அந்த மணமே அமைதியை நினைவூட்டும் சைகையாகிறது. பள்ளி மணி ஒலித்ததும் குழந்தைகள் பையைத் தூக்குவது மணியின் உலோகத்தில் உள்ள குணத்தால் அன்று, பழக்கத்தால். வீட்டில் நறுமணத்தைப் பயன்படுத்துவதும் இப்படிப்பட்ட ஒரு பழக்கத்தை வளர்க்கும் வேலைதான். அரோமாதெரபி என்ற சொல்லை 1930-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டிஃபோசே, எண்ணெய்களின் மருத்துவக் குணங்களையே மனத்தில் கொண்டிருந்தார். குழந்தைகளின் மனநிலையைப் பொறுத்தவரை 'சிகிச்சை' என்ற சொல் சற்று மிகையானது என்பதே என் கருத்து. கிடைத்திருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு லாவெண்டர் எண்ணெயால் உடல் பிடித்துவிட்டுத் தூக்கத்தைக் கண்காணித்த, 2006-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. எனவே, நடத்தைக் கோளாறு எதையும் எண்ணெய் குணப்படுத்தும் என்ற எண்ணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

யாருக்குப் பயன்படுத்தக் கூடாது

இரண்டு வயது நிறையும் வரை எந்த நறுமண எண்ணெயும் வேண்டாம். இதைவிட இளம் வயதிலேயே தொடங்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பேசத் தெரியாத குழந்தை தலைவலியையோ குமட்டலையோ சொல்ல முடியாது என்பதால் நான் அவர்களோடு உடன்படவில்லை. கைக்குழந்தைக்குத் தேவையான மணம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை, தன் தாயின் பால் நனைந்த துணியின் பக்கம் தலையைத் திருப்புகிறது என்பது 1975-லேயே ஆய்வில் தெரியவந்த செய்தி. அந்த மணத்தின் மேல் வேறொன்றைப் பூசி மறைப்பதால் குழந்தைக்கு இழப்புதான்.

இரண்டு வயதுக்கு மேலும் அளவில் கஞ்சத்தனம் வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுள்ள குழந்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 முறை மூச்சு விடுகிறது. பெரியவர்களோ 12 முதல் 20 முறைதான் விடுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் காற்று அதிகம். அந்தக் காற்றில் கலந்திருப்பதும் அதிகம். பெரியவரின் மூக்குக்கு இதமாகத் தோன்றும் அளவு, குழந்தைக்குத் திணறலாக இருக்கக்கூடும்.

ஆஸ்துமா அல்லது அடிக்கடி இளைப்பு உள்ள குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, கரப்பான் போன்ற தோல் நோய் உள்ள குழந்தை ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. புலன் உணர்வு மிகைப்பட்ட குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு, மென்மையான மணம்கூடத் துன்பமாக இருக்கலாம். அவர்களிடம் அது ஓர் அமளியைத் தணிப்பதற்குப் பதிலாகத் தொடங்கிவைத்துவிடும். வீட்டில் கருவுற்றிருப்பவரோ மூச்சு நோயாளியோ இருந்தால் அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: இந்த எண்ணெய்களில் உள்ள சில சேர்மங்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. எனவே மணம் பரப்பும் அறைக்குள் பூனையை விடாதீர்கள்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

நறுமண எண்ணெய் என்பது பெயரளவில்தான் எண்ணெய். செடியின் பூ, இலை, பட்டை ஆகியவற்றை நீராவியில் வடித்தோ, எலுமிச்சை இனப் பழங்களின் தோலைப் பிழிந்தோ எடுக்கப்படும், எளிதில் ஆவியாகும் அடர்சாறு அது. சமையல் எண்ணெயின் சாதுவான குணம் இதற்குக் கிடையாது. இந்த அடர்த்தியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் ஒரு துளி, இரண்டு துளிக் கணக்குகள் கஞ்சத்தனமாகத் தோன்றமாட்டா.

புட்டியின் மேல் செடியின் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். 'லாவெண்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த லாவெண்டர் என்று தெரியாது. லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற இனமே மென்மையானது, லாவண்டின் என்னும் கலப்பினத்தில் கற்பூரக் கூறு கூடுதல். 'வாசனை எண்ணெய்' என்றோ 'பெர்ஃப்யூம் எண்ணெய்' என்றோ விற்கப்படுபவை பெரும்பாலும் செயற்கைக் கலவைகள். அவற்றில் என்ன இருக்கிறது என்பது வெளியில் தெரிவதில்லை. 'சிகிச்சைத் தரம்' என்ற முத்திரைக்கு மயங்க வேண்டாம். அப்படியொரு தரத்தை வழங்கும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. விற்பவர்கள் தாங்களே சூட்டிக்கொள்ளும் பட்டம் அது. நிறமேற்றிய கண்ணாடிப் புட்டி, துளித்துளியாக மட்டும் விழச்செய்யும் அடைப்பு, குழந்தை எளிதில் திறக்க முடியாத மூடி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு எண்ணெய்கள் போதும். பத்துப் புட்டிகள் கொண்ட பெட்டியை வாங்கினால், பத்தையும் பயன்படுத்திப் பார்க்கத் தோன்றும். சைகை ஒன்றாக நிலைபெறாது. என் பரிந்துரை, இரவுக்கு லாவெண்டரும் பகலுக்கு இனிப்பு ஆரஞ்சும். ஆரஞ்சு மணம் பெரும்பாலான குழந்தைகளுக்கு முன்பே பழக்கமானது என்பதால் எதிர்ப்பு குறைவாக இருக்கும். லாவெண்டரை விரும்பாத குழந்தைக்கு மாண்டரின் அல்லது ரோமன் கெமோமில் பொருந்தலாம். கெமோமில் சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே அந்தக் குடும்பத்துச் செடிகளால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

விலக்க வேண்டியவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றுள் சில, சளிக்கும் தலைவலிக்கும் கைவைத்தியமாக வீடுகளில் ஏற்கெனவே இருப்பவை. யூகலிப்டஸ், ரோஸ்மேரி ஆகியவற்றில் உள்ள 1,8-சினியோல் என்னும் வேதிப்பொருள், சிறு குழந்தைகளின் முகத்தருகே பயன்படுத்தப்படும்போது மூச்சைப் பாதிக்கக்கூடும். பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தாலை மூக்கின் அருகில் தடவியதால் கைக்குழந்தைகளுக்கு மூச்சு நின்றுபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கற்பூரம் சிறிய அளவில் விழுங்கப்பட்டாலும் வலிப்பை உண்டாக்கும். வின்டர்கிரீன் எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட்டால் ஆனது. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். அந்த அளவு ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. இது வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் தோலை எரிப்பவை. பெர்கமாட், பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் ஆகியவற்றைத் தடவிய தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் ஏற்படலாம்; இனிப்பு ஆரஞ்சுக்கு அந்தக் குணம் இல்லை.

லாவெண்டரைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாவெண்டர் அல்லது டீ ட்ரீ எண்ணெய் கலந்த பொருட்களைத் தோலில் தொடர்ந்து பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பகம் வளர்ந்ததாக 2007-இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. எண்ணெய்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. இதற்காக அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் லாவெண்டர் கலந்த சோப்பு, ஷாம்பு, களிம்பு என்று நாள் முழுவதும் தோலில் ஏற்றுவதைத் தவிர்த்து, அதை முகர்வதற்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்

எண்ணெய் வீட்டுக்கு வந்த அன்றே, மணத்தைக் காற்றில் பரப்பும் கருவியான டிஃப்யூசரில் ஊற்றிவிடாதீர்கள். விளையாட்டுக்கும் உணவுக்கும் இடைப்பட்ட ஒரு நல்ல பொழுதில், இரண்டு காகிதத் துண்டுகளில் ஒன்றுக்கு ஓர் எண்ணெயாக ஒவ்வொரு துளி விட்டு, ஒரு முழ தூரத்தில் மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும், எதைப் போல என்று கேட்டால் தன் மூக்கைக் கேட்டுப் பதில் சொல்லும். ஒரு குழந்தை லாவெண்டரை 'சோப்பு' என்னும், இன்னொன்று 'மருந்து' என்னும். மருந்து என்று சொன்ன குழந்தையிடம் அந்த எண்ணெயோடு நிற்காதீர்கள். மருத்துவமனையின் நினைவு அதற்குள் ஏற்கெனவே குடியேறியிருக்கலாம். தலையைப் பின்னுக்கு இழுப்பது, மூக்கைச் சுருக்குவது, கண்ணைக் கசக்குவது ஆகியவற்றையும் 'வேண்டாம்' என்ற சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரப்பும் வழிகள்

மிக எளிய வழி பஞ்சு உருண்டை. ஒரு துளியைப் பஞ்சில் விட்டு, ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், படுக்கையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். நேரம் முடிந்ததும் பஞ்சை மூடியுள்ள டப்பாவுக்குள் போட்டுவிட்டால் மணமும் நின்றுவிடும். இந்த வழியில் தொடங்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம், தவறு நேர்ந்தால் ஒரு நொடியில் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான்.

டிஃப்யூசர் வேண்டுமென்றால், நீரை அதிர்வால் குளிர்ந்த புகைபோல மாற்றும் அல்ட்ராசானிக் வகையைத் தேர்ந்தெடுங்கள். 100 மில்லி நீருக்கு ஒரு துளி, மிஞ்சினால் இரண்டு துளி; 15 முதல் 20 நிமிடங்கள்; கதவோ சன்னலோ சற்றுத் திறந்திருக்க வேண்டும்; குழந்தை உறங்குமுன் நிறுத்திவிட வேண்டும். இரவு முழுவதும் ஓடவிடுவதால் பயன் எதுவுமில்லை. எந்த மணத்துக்கும் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு குழந்தைக்கு மணம் தெரிவதில்லை, ஆனால் நுரையீரலுக்குள் ஆவி போய்க்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்கள் 'மணம் குறைந்துவிட்டது' என்று துளிகளைக் கூட்டுவதும் இந்தப் பழகலால் விளையும் தவறே. அறையைவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்பி வந்து முகர்ந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தொட்டியை வாரம் ஒருமுறையாவது கழுவிக் காயவையுங்கள். மெழுகுவத்தியில் சூடேற்றும் விளக்கும், குச்சிகளைச் செருகிவைக்கும் திறந்த புட்டியும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றவை அல்ல; முன்னதில் தீ, பின்னதில் நஞ்சு.

தோலில் தடவுவது மூன்று வயதுக்குப் பிறகே, அதுவும் நீர்த்த பின்பே. சூரியகாந்தி எண்ணெய், ஜோஜோபா எண்ணெய் போன்ற, நறுமண எண்ணெயை நீர்க்கச்செய்ய உதவும் தாங்கு எண்ணெய் 30 மில்லியில் மூன்று துளி நறுமண எண்ணெய் கலந்தால் ஏறக்குறைய 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும். ஆறு வயதுக்குக் கீழ் இதைத் தாண்ட வேண்டியதில்லை, அதற்கு மேல் ஆறு துளி வரை போகலாம். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பாதாம் எண்ணெய் வேண்டாம். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பாதத்திலோ முதுகிலோ பிடித்துவிடலாம். உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவவே வேண்டாம், கை எப்போதும் கண்ணுக்கும் வாய்க்கும் போகும். உண்மையைச் சொன்னால், பாதத்தைப் பிடித்துவிடும் பத்து நிமிடங்களில் குழந்தையைத் தேற்றுவது எண்ணெயைவிட உங்கள் கைதான்.

குளியல் நீரில் நேராகத் துளிகளை விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நறுமண எண்ணெய் நீரில் கரையாது. மேலே மிதந்து, நீர்க்காத துளியாகவே தோலில் ஒட்டும், கண்ணிலும் படும்.

உறக்கத்தோடு பிணைத்தல்

தொடக்கத்துக்கு உறங்கும் நேரமே மிகச் சிறந்தது, ஏனெனில் அது ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடக்கக்கூடியது. முதல் இரண்டு வாரங்கள் மணத்திடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இவை விதைக்கும் நாட்கள். குழந்தை குளித்து, உடை மாற்றி, விளக்கைத் தணித்த பிறகு பஞ்சுக் கிண்ணத்தை எடுத்து வையுங்கள். அந்த வேலையைக் குழந்தையின் கண்முன் செய்யுங்கள். "இப்போது கதை நேரம்" என்று ஒரே சொல்லை ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள். பத்து நிமிடம் கதை, ஐந்து நிமிடம் அணைப்பு, பிறகு பஞ்சை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். ஏதேனும் ஓர் இரவில் சண்டையும் கண்ணீருமாக முடிந்தால், அன்று பஞ்சை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் கெடாது, சண்டையோடு பிணைந்தால் கெடும்.

இந்த மணம் வேறு எங்கும், வேறு எந்த நேரத்திலும் வீட்டில் இருக்கக் கூடாது. துணி துவைக்கும் திரவத்திலும், கழிவறைத் தூவியிலும், உங்கள் கைக்களிம்பிலும் லாவெண்டர் இருந்தால், படுக்கையறை லாவெண்டருக்குத் தனிப் பொருள் எதுவும் கிடைக்காது. பலர் தோற்பது இங்கேதான். மணத்தை நாள் முழுவதும் பரப்பினால் பயனும் நாள் முழுவதும் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் மணிக்கு யாரும் செவிசாய்ப்பதில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து மணத்தைச் சற்றுப் பயன்படுத்திப் பார்க்கலாம். விருந்தினர் வந்துபோன இரவு, பயணத்தில் வேறோர் இடத்தில் தங்கும் இரவு, மறுநாள் பள்ளித் தேர்வு உள்ள இரவு போன்றவற்றில் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகக் கிண்ணத்தை எடுத்து வையுங்கள். புதிய அறையில் பழைய மணம் இருப்பது குழந்தைக்கு ஒரு பிடிமானம்.

கோபத்துக்குப் பிறகு, கோபத்தின்போது அல்ல

அமளியின் உச்சத்தில் குழந்தையிடம் எந்தப் புதிய புலன் உணர்வையும் திணிக்கக் கூடாது. குரலே சுமையாக இருக்கும் நேரம் அது. அப்போது செய்ய வேண்டியது அருகில் இருப்பது, அடித்துக்கொள்ளாமல் காப்பது, பேச்சைக் குறைப்பது. அழுகை விசும்பலாகத் தணிந்து, குழந்தை உங்களை நிமிர்ந்து பார்க்கும் தருணத்திலிருந்துதான் நறுமணத்துக்கு வேலை.

இதற்கு ஆரஞ்சு எண்ணெயை ஒதுக்குங்கள். உறக்கத்தின் லாவெண்டரை இங்கே கொண்டுவராதீர்கள். வீட்டின் ஒரு மூலையில் ஒரு தலையணை, குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை ஆகியவற்றோடு, ஒரு துளி ஆரஞ்சு எண்ணெய் விட்டு உலர்த்திய சிறு துணியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில் அந்த மூலையில் உட்கார்ந்து விளையாட்டாகப் பழக்குங்கள்: டப்பாவைத் திறந்து, மூன்று எண்ணும் வரை பூவை முகர்வதுபோல் மூக்கால் இழுப்பது, ஐந்து எண்ணும் வரை சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல் வாயால் ஊதுவது. இதை ஐந்து முறை செய்தால் போதும். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. அந்த வெளிமூச்சை நீட்டுவதே உடலை அமைதிக்குத் திருப்பும் வழி. "ஆழமாக மூச்சு விடு" என்று சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் தோளைத் தூக்கி வேகமாக இழுப்பார்கள். "என்ன மணம் என்று பார்" என்று சொன்னால் தாமாகவே மெல்ல இழுப்பார்கள். இந்தப் பயிற்சியில் ஆரஞ்சின் பங்கு பெரிதும் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

டப்பாவைத் திறப்பது குழந்தையின் முடிவாக இருக்க வேண்டும். "போய் அதை முகர்ந்துவிட்டு வா" என்று அதட்டி அனுப்பிய நாளிலிருந்து அந்த மூலை தண்டனை மூலையாகிவிடும். பிறகு ஆரஞ்சு மணமும் அதட்டலின் மணமாகிவிடும்.

வீட்டுப்பாட நேரத்துக்கும் காலை எழுப்புவதற்கும் தனித்தனி எண்ணெய்களைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. சன்னலைத் திறப்பது, தண்ணீர் கொடுப்பது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவிடுவது ஆகியவை அங்கே கூடுதலாகப் பயன்படும். பெற்றோரைப் பிரிந்து பள்ளிக்குப் போக அழும் குழந்தைக்கு, எண்ணெய் எதுவும் விடாமல், நீங்கள் ஒரு நாள் அணிந்திருந்த கைக்குட்டையைப் பையில் வைத்து அனுப்புங்கள். வகுப்பில் வேறொரு குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கலாம். மேலும், உங்கள் மணத்துக்கு மாற்றான எண்ணெய் எதுவும் இல்லை.

குறிப்பேடு

நம்பிக்கையோடு ஒன்றைச் செய்யும்போது நமக்கு முன்னேற்றம் தெரிவது இயல்பு. பெற்றோர் தளர்ந்து அமைதியானால் குழந்தையும் அமைதியாகும். அந்தப் பெருமை எண்ணெய்க்குப் போய்விடும். இதைப் பிரித்தறிய ஒரு சிறு குறிப்பேடு உதவும். படுக்கைக்குப் போன நேரம், உறங்கிய நேரம், இரவில் எழுந்த தடவை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். முதல் வாரம் மணம் இல்லாமல், ஆனால் கதையும் அணைப்பும் அதே வரிசையில்; அடுத்த இரண்டு வாரம் மணத்தோடு; நான்காவது வாரம் மீண்டும் மணம் இல்லாமல். நான்கு வாரமும் ஒன்றுபோலவே இருந்தால், உங்கள் குழந்தைக்கு வேலை செய்தது வரிசைதான், எண்ணெய் வாங்கும் செலவை நிறுத்திவிடலாம். தலைவலி, தும்மல், இருமல், தோல் தடிப்பு, வழக்கத்துக்கு மாறான துடிதுடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி, தேதியோடு எழுதி வையுங்கள்.

பத்திரமும் விபத்தும்

பூட்டிய, உயரமான அலமாரியே இந்தப் புட்டிகளின் இடம். மருந்துக்குக் காட்டும் எச்சரிக்கை அனைத்தும் இதற்கும் பொருந்தும். வெளிச்சமும் காற்றும் பட்டால் ஆரஞ்சில் உள்ள லிமோனினும் லாவெண்டரில் உள்ள லினலூலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களாக மாறுகின்றன. ஆகவே திறந்த தேதியைப் புட்டியில் எழுதி ஒட்டி, ஆரஞ்சை ஓராண்டுக்குள்ளும் லாவெண்டரை இரண்டாண்டுக்குள்ளும் மாற்றிவிடுங்கள்.

குழந்தை எண்ணெயை விழுங்கிவிட்டால், எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். வாயைத் துடைத்து, புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நச்சு முறிவு உதவி மையத்தையோ மருத்துவமனையையோ உடனே அணுகுங்கள். இருமல், தள்ளாட்டம், அதிகத் தூக்கக் கலக்கம், வலிப்பு ஆகியவை இருந்தால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தூய நீரில் 15 நிமிடம் கழுவிய பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் கொட்டிவிட்டால் நனைந்த உடையைக் கழற்றி, சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

வாரக்கணக்கில் தொடரும் உறக்கமின்மை, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் கோபம், திடீரென்று பேச்சோ விளையாட்டோ குறைந்துபோவது, பள்ளியை முற்றிலும் மறுப்பது ஆகியவற்றைப் பஞ்சுக் கிண்ணத்திடம் ஒப்படைக்கக் கூடாது. இவற்றுக்குக் குழந்தை நல மருத்துவரையும் உளவியலாளரையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு, 'எண்ணெய் இருக்கிறதே' என்று மருந்தைக் குறைப்பதும் கூடாது.

விலக்கிக்கொள்ளுதல்

சில மாதங்களுக்குப் பிறகு, பஞ்சுக் கிண்ணத்தை மறந்துபோன இரவுகளிலும் குழந்தை நன்றாக உறங்குவதைக் கவனிப்பீர்கள். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிண்ணத்தை வையுங்கள்; இரண்டு வாரம் கழித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு எண்ணெய் விடாத வெறும் பஞ்சை வைத்துப் பாருங்கள். என் மகள் ஆறு வயதில் ஒருநாள் அந்த வெறும் பஞ்சை எடுத்து முகர்ந்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே" என்றாள். கிண்ணத்தைத் தானே அலமாரியில் வைத்துவிட்டு வந்து கதையைக் கேட்டாள்.